செல்லுக்குள் ஒளிர்வது துகளா, சாயமா?

ஒளிரும் சிலிக்கா நானோ துகள்களைத் தயாரித்து உயிருள்ள செல்களில் படமெடுப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளை ஒன்றாக இணைத்திருக்கிறேன்.

கேள்வி: சாயத்தை நேரடியாகச் செல்லுக்குக் கொடுத்தால் போதாதா? எதற்காகச் சிலிக்காவுக்குள் அடைக்க வேண்டும்? (பள்ளி வேதியியல் ஆசிரியர்)

பதில்: தனித்த சாய மூலக்கூறு லேசர் ஒளியில் விரைவில் வெளிறிப்போகும். ஒரு துகளுக்குள் பல மூலக்கூறுகளை வைக்க முடிகிறது. சுற்றியுள்ள சிலிக்கா, ஆக்சிஜனும் கரைப்பானும் அவற்றை எளிதில் நெருங்காதபடி ஓரளவு காக்கிறது. ஆனால் அளவுக்கு மீறித் திணித்தால், நெருங்கியிருக்கும் மூலக்கூறுகள் ஒன்றின் ஒளியை மற்றொன்று அணைத்துவிடும். ஆகவே நிறம் அடர்ந்த துகள்தான் அதிகம் ஒளிரும் என்று எண்ண வேண்டாம்.

கேள்வி: அம்மா, ரோடமின் பி சாயத்தை எத்தனாலில் கரைத்து டி.இ.ஓ.எஸ். (சிலிக்காவைத் தரும் டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிகேட்), அமோனியாவுடன் சேர்த்துத் துகள் தயாரித்தேன். ஆறு முறை கழுவியும் மேல்நீர் (துகள் அடியில் படிந்தபின் மேலே நிற்கும் நீர்) இளஞ்சிவப்பாகவே வருகிறது. இன்னும் எத்தனை முறை கழுவ வேண்டும்? (முனைவர் பட்ட ஆய்வு மாணவி)

பதில்: கழுவிப் பயனில்லை, செய்முறையையே மாற்றுங்கள். நீங்கள் சேர்த்த சாயம் சிலிக்காவோடு எந்தப் பிணைப்பும் கொள்ளாமல், மின்சுமையின் ஈர்ப்பால் மட்டுமே ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு கழுவலிலும் கொஞ்சம் வெளியேறும், செல்லுக்குள் போன பிறகும் வெளியேறும். அதற்குப் பதிலாக ரோடமின் பி ஐசோதயோசயனேட்டை வாங்கி, முதலில் ஏப்டெஸ் என்னும் அமினோ சிலேனுடன் சகப்பிணைப்பால் இணைத்துக்கொள்ளுங்கள். 1992-இல் வான் பிளாடெரனும் வ்ரைய்யும் வெளியிட்ட வழி இதுதான். அவர்கள் கையாண்ட சாயம் ஃபுளோரசின் ஐசோதயோசயனேட். 5 மில்லிகிராம் சாயம் ஏறத்தாழ 9 மைக்ரோமோல்; பத்து மடங்கு ஏப்டெஸ் என்றால் 20 மைக்ரோலிட்டருக்குச் சற்றே கூடுதலாக வரும். நீரற்ற எத்தனாலில், இருட்டில், ஓர் இரவு முழுக்கக் கலக்க வேண்டும். ஈரம் புகுந்தால் இரண்டு பொருள்களும் கெட்டுப்போகும். மறுநாள் அந்தக் கலவையை டி.இ.ஓ.எஸ்.-உடன் சேர்த்து வினையைத் தொடங்குங்கள். நிறமுள்ள உள்ளகம் உருவான பிறகு, சாயம் சேர்க்காத டி.இ.ஓ.எஸ்.-ஐச் சிறிது சிறிதாக விட்டு மேலே ஓர் ஓடு வளர்ப்பது நல்லது.

இத்தனை வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. ஆய்வு மாணவியாக இருந்தபோது, செல் முழுவதும் நூல் வலை போல ஒளிர்ந்த அழகான படம் ஒன்று எனக்குக் கிடைத்தது. அதைப் பெருமையோடு வழிகாட்டியிடம் காட்டினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: துகள் எப்படி நூலாகும்? கட்டுப்படாத ரோடமின், தன் நேர்மின் சுமையால் மைட்டோகாண்ட்ரியாவைத் தேடிச் சேர்ந்திருந்தது. செல் விழுங்கிய துகள்கள் பெரும்பாலும் புள்ளிப் புள்ளியாகத்தான் தெரியும்.

செல்லில் இடுவதற்கு முன் கட்டாயம் ஒரு சோதனை செய்யுங்கள்: துகள்களைச் சீரம் கலந்த வளர்ப்பு ஊடகத்தில் 37 டிகிரியில் ஒரு நாள் வைத்து, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, துகள் நீங்கிய மேல்நீரின் ஒளிர்வை அளந்து பாருங்கள். அந்த மேல்நீரை மட்டும் வேறொரு செல் தட்டில் இட்டு அதையும் படமெடுங்கள். அங்கும் ஒளிர்ந்தால் முந்தைய படங்களை நம்ப வேண்டாம்.

கேள்வி: துகளின் அளவை எப்படிக் கட்டுப்படுத்துவது?

பதில்: 1968-இல் ஷ்டோபர், ஃபிங்க், போன் ஆகியோர் விவரித்த முறைதான் இன்றும் அடிப்படை. டி.இ.ஓ.எஸ். நீரால் சிதைந்து சிலிக்காவாக மாறும் நீராற்பகுப்பை அமோனியா ஊக்குவிக்கிறது. வழக்கமான அளவுகளில் அமோனியாவைக் குறைத்தால் துகள் சிறியதாகும். டி.இ.ஓ.எஸ். விட்டுச் சில நிமிடங்கள் கரைசல் தெளிவாகவே இருக்கும்; பின் கறுப்புத் தாளின் முன் பிடித்துப் பார்த்தால் மெல்லிய நீலப் புகைமூட்டம் தெரியும், அதன் பிறகே பால் போல வெளுக்கும். கடைசிவரை நீலம் கலந்தே இருந்தால் துகள் சிறியது என்று பெரும்பாலும் கொள்ளலாம். முடிவை எலக்ட்ரான் நுண்ணோக்கிதான் சொல்ல வேண்டும். சில பத்து நானோமீட்டர் அளவில் சீராக வேண்டுமானால், வளைய ஹெக்சேனில் ட்ரைட்டான் எக்ஸ்-100 என்னும் சோப்புப் போன்ற பொருள் கொண்டு உண்டாக்கும் நீர்த்துளிகளுக்குள் வினையை நடத்தலாம். ஆனால் ட்ரைட்டான் செல்சவ்வைக் கரைப்பது. அதைக் கழுவி நீக்கும் பொறுமை இல்லாதவர்கள் அந்த வழிக்குப் போக வேண்டாம்.

கேள்வி: ஃபுளோரசின் இணைத்த துகள்கள் குப்பியில் பளிச்சென்று ஒளிர்கின்றன, செல்லுக்குள் மங்கிவிடுகின்றன. துகள் சிதைந்துவிட்டதா?

பதில்: அப்படி முடிவு செய்ய வேண்டாம். விழுங்கப்பட்ட துகள் செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் போய்ச் சேர்கிறது, அங்கே பி.எச். ஏறத்தாழ 4.5 முதல் 5 வரை. ஃபுளோரசின் அமிலச் சூழலில் ஒளி இழப்பது; நுண்துளைகள் உள்ள சிலிக்கா புரோட்டானை முழுவதும் தடுத்து நிறுத்தாது. ரோடமினுக்கு மாறுங்கள்.

கேள்வி: எத்தனாலில் நன்றாக இருந்த துகள்கள் ஊடகத்தில் விட்டதும் திரண்டு அடியில் படிகின்றன. காய வைத்துப் பொடியாக்கி எடுத்துக்கொண்டால் சரியாகுமா? (எம்.எஸ்ஸி. மாணவர்)

பதில்: காய வைப்பது அதைவிடப் பெரிய தவறு, தம்பி. உலரும்போது அருகருகே உள்ள துகள்களின் மேற்பரப்பிலுள்ள சிலனால் (Si–OH) தொகுதிகள் தமக்குள் பிணைந்துவிடும். பிறகு எவ்வளவு நேரம் ஒலியலைத் தொட்டியில் வைத்தாலும் பிரிப்பது கடினம். துகள்கள் தனித்து மிதப்பது எதிர்மின் சுமைகளின் விலக்கத்தால். ஊடகத்தின் உப்பு அதை மறைத்துவிடுகிறது. பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) இணைந்த சிலேனால் மேற்பரப்பைப் போர்த்தினால் திரள்வது குறையும், புரதங்கள் ஒட்டுவதும் குறையும். அதுவரை எத்தனாலில், ஒளி படாமல் வைத்திருங்கள். பயன்படுத்தும் நாளில் நீருக்கு மாற்றினால் போதும்.

கேள்வி: துகள் செல்லுக்குள் போனதா, மேலே ஒட்டியிருக்கிறதா?

பதில்: ஒரு நேரத்தில் ஒரு தளத்தை மட்டும் தெளிவாகக் காட்டும் கன்ஃபோக்கல் நுண்ணோக்கியில் அடுக்கடுக்காகப் படமெடுத்துப் பாருங்கள். 4 டிகிரியில் ஒரு தட்டையும் உடன் வையுங்கள். அந்தக் குளிரில் செல் விழுங்குவது ஏறத்தாழ நின்றுவிடும், எனவே அங்கு தெரிவதெல்லாம் ஒட்டியவையே.

கேள்வி: சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும் என்கிறார்கள். இதை மனித உடலில் செலுத்த முடியுமா?

பதில்: கல் குவாரித் தொழிலாளர்களைத் தாக்கும் சிலிக்கோசிஸ் நோய்க்குக் காரணம் படிக வடிவச் சிலிக்கா. நாம் தயாரிப்பது படிக அமைப்பற்றது; நீரில் மெல்லக் கரையவும் செய்யும். அதற்காகத் தீங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அளவு, மேற்பரப்பு, கொடுக்கும் செறிவு ஆகியவற்றைப் பொறுத்தது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உல்ரிச் வீஸ்னர் குழு 2005-இல் வெளியிட்ட துகள்கள் 20 முதல் 30 நானோமீட்டர் வரை இருந்தன. பின்னர் பத்து நானோமீட்டருக்கும் கீழே இறக்கி, பெக் போர்த்தி, சிறுநீர் வழியே வெளியேறும்படி செய்தார்கள். 2011-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மனிதர்களில் முதல் சோதனைக்கு அனுமதி வழங்கியது. மெலனோமா (தோல் புற்றுநோய் வகை) நோயாளிகள் ஐவரிடம் செய்த சோதனையின் முடிவுகள் 2014-இல் வந்தன.

உங்கள் ஆய்வகத்தில் நச்சுத்தன்மையை எம்.டி.டி. சோதனையால் அளப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உயிருள்ள செல்கள் எம்.டி.டி.-யிலிருந்து உண்டாக்கும் ஊதா நிறப் பொருளான ஃபார்மசானை நாம் 570 நானோமீட்டர் அருகே படிக்கிறோம். ரோடமினும் ஏறத்தாழ அங்கேதான் ஒளியை உறிஞ்சுகிறது. செல் இல்லாமல் துகள் மட்டும் இட்ட குழிகளை உடன் வைத்து அந்த அளவைக் கழிக்காவிட்டால், செத்த செல்லும் உயிரோடு இருப்பதாகக் கணக்கில் வரும்.