பழைய மரத்துக்கு வைத்தியம்: காசு எங்கே போக வேண்டும்?

திருகோணமலையில் இருபது வருடத்துக்கு மேலாக மரம் ஏறுகிறேன். கொப்பு தறிப்பது, முட்டுக் கொடுப்பது, வேருக்கு மண் பார்ப்பது எல்லாம் என் வேலை. கோயில் வீதியிலும் வளவுகளிலும் நிற்கும் முதிய மரங்களைப் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

எங்கள் கோயில் ஆலமரத்தில் ஒரு ஆள் நுழையக்கூடிய பொந்து இருக்கிறது அண்ணன். கனடாவில் இருக்கும் உபயகாரர் ஒருவர் பொந்தைச் சீமெந்தால் அடைத்து, சுற்றிவர மாபிள் மேடை கட்டக் காசு தருகிறார். தொடங்கலாமா? (பரிபாலன சபை உறுப்பினர், உப்புவெளி)

தயவுசெய்து நிறுத்துங்கள் தம்பி. அந்த நல்ல மனிதரின் காசே மரத்தைக் கொன்றுவிடும்.

முதலில் பொந்து. மரத்தின் நடுவில் இருப்பது பெரும்பாலும் உயிரற்ற கட்டை. உயிர் ஓடுவது பட்டைக்குக் கீழே உள்ள மெல்லிய படையில். அதனால் நடு உக்கிப்போன மரமும் பல தலைமுறை நிற்கும். அமெரிக்க வன விஞ்ஞானி அலெக்ஸ் ஷிகோ ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்து ஒன்றை விளங்கப்படுத்தினார்: நம் தோல் ஆறுவது போல மரக் காயம் ஆறுவதில்லை. உக்கலைச் சுற்றி உள்ளே ஒரு மதில் எழுப்பிவிட்டு, வெளியே புதுக் கட்டையை வளர்த்துக்கொள்கிறது. சீமெந்து போடுகிறவர் முதலில் பொந்தைச் சுரண்டிச் சுத்தம் செய்வார். அப்போது உடைவது அந்த மதில்தான். பிறகு காற்றில் மரம் ஆடும், சீமெந்து ஆடாது. இடையில் விழும் வெடிப்பில் மாரி முழுக்கத் தண்ணீர் நிற்கும். ஒரு காலத்தில் உலகமெங்கும் இப்படி அடைத்தார்கள்தான். மர வைத்தியம் தெரிந்தவர்கள் அதைக் கைவிட்டுப் பல பத்து வருடங்களாகிவிட்டன.

அடுத்தது மேடை. உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், 60 சென்ரிமீற்றர் ஆழத்துக்குள்ளேயே இருக்கிறது. அதற்குக் காற்று வேண்டும். மேலே மண் நிரப்பிக் கல் பதித்தால் மூச்சு முட்டும். மரம் உடனே சாகாது. ஐந்தாறு வருடத்தில் உச்சிக் கொப்புகள் காயத் தொடங்கும், அப்போது யாருக்கும் மேடை ஞாபகத்துக்கு வராது. முதிய மரத்துக்குப் பிரித்தானிய வழிகாட்டியில் ஒரு கணக்கு உண்டு: அடிமரக் குறுக்களவின் 15 மடங்கு தூரத்துக்கு, எல்லாப் பக்கமும் மண்ணைத் தொடாதே. நெஞ்சு உயரத்தில் சுற்றளவு 6 மீற்றர் என்றால் குறுக்களவு ஏறத்தாழ 1.9 மீற்றர், பாதுகாக்க வேண்டிய தூரம் 28 மீற்றருக்கு மேல். கோயில் வீதியில் அவ்வளவு கிடைக்காது, தெரியும். கிடைக்கிற ஒவ்வொரு அடியும் லாபம்தான்.

உபயகாரருக்கு இப்படி எழுதுங்கள்: காசு கட்டாயம் தேவை, ஆனால் ஒரே நாளில் செலவழிக்க அல்ல. ஒரு பங்கு பரிசோதனைக்கு, ஒரு பங்கு கொப்பு வேலைக்கும் முட்டுக்கும், மூன்றாவது பங்கை வங்கியில் போட்டு அடுத்த ஐந்து வருடப் பராமரிப்புக்கு. வருடா வருடம் முன்னும் பின்னும் எடுத்த படங்களை அனுப்புங்கள். திருவிழா உபயம் போல வருடத்துக்கு ஒரு குடும்பம் பொறுப்பெடுத்தால் இன்னும் நல்லது. பெயர்ப் பலகை வேண்டுமென்றால் தனிக் கம்பு நட்டுப் போடுங்கள். மரத்தில் ஆணி வேண்டாம்.

பரிசோதனை என்றால் என்ன செய்வார்கள்?

நைலான் சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்பது முதல் படி. மெல்லிய ஊசியால் துளைத்துக் கட்டையின் இறுக்கத்தை வரைபடமாகத் தரும் கருவியும், ஒலி அனுப்பி உட்பக்கத்தைப் படமாக்கும் கருவியும் உண்டு. அவை இல்லாவிட்டாலும் நீங்களே அடிமரத்தைச் சுற்றிப் பாருங்கள். வேரும் மரமும் சேருமிடத்தில் தட்டுப் போலக் கெட்டியான காளான் தெரிந்தால் உடனே ஆளைக் கூப்பிடுங்கள். பொந்தை விட அது எனக்குப் பயம்.

மூதூரில் எங்கள் வளவில் பழைய புளி நிற்குது நாநா. புரேவிப் புயல் வந்ததிலிருந்து உம்மாவுக்குப் பயம். மொட்டையடித்துவிட்டால் காற்று பிடிக்காதுதானே?

2020 டிசம்பர் 2 இரவு புரேவி நம் கரையில்தான் ஏறியது, உம்மாவின் பயம் நியாயமானது. ஆனால் மொட்டையடித்தால் ஆபத்து தள்ளிப்போகும், பிறகு பெருகும். இலை முழுவதும் போனதும் மரம் சேமிப்பையெல்லாம் கொட்டி, வெட்டிய வாயைச் சுற்றிக் கற்றையாகத் தளிர் விடும். அந்தத் தளிர்கள் கட்டைக்குள் ஊன்றி வளர்ந்தவை அல்ல, பட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டவை. சில வருடத்தில் கை மொத்தமாகும், அடியிலோ உக்கல் இறங்கியிருக்கும். அடுத்த புயலில் முறிவது அவைதான்.

வீட்டுப் பக்கம் நீளும் கொப்புகளின் நுனியை மட்டும் குறையுங்கள். வெட்டுமிடத்தில் ஒரு நல்ல பக்கக் கிளை இருக்க வேண்டும். ஒரே தடவையில் வேண்டாம், இரண்டு மூன்று வருட இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். பட்ட கொப்பும் ஆபத்தானதும் ஐப்பசிக்கு முன் இறங்கிவிட வேண்டும். பச்சைக் கொப்பு வேலையை நான் மாரி முடிந்து நிலம் ஈரமாக இருக்கும் தை, மாசியில் செய்வேன். கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் மரம் ஏற்கெனவே தாகத்தில் நிற்கும், அப்போது கை வைக்க மாட்டேன்.

கொப்பை எங்கே வெட்டுவது, வெட்டிய இடத்துக்குத் தார் பூசலாமா?

கொப்பு மரத்தோடு சேருமிடத்தில் சட்டைக் கொலர் போல ஒரு தடிப்பு இருக்கும். கையால் தடவினாலே தெரியும். அந்தத் தடிப்பைத் தொடாமல், அதற்குச் சற்று வெளியே வெட்ட வேண்டும். பாரமான கொப்புக்கு மூன்று வெட்டு: ஓரடி தள்ளிக் கீழிருந்து கால்வாசி, அதற்கும் கொஞ்சம் வெளியே மேலிருந்து முழுவதும், கடைசியாக மிச்சக் கட்டையைத் தடிப்பின் ஓரத்தில். கீழ்வெட்டு இல்லாவிட்டால் விழும் கொப்பு பட்டையை அடிவரை உரித்துக்கொண்டு போகும்.

தார் வேண்டாம். தொழில் தொடங்கிய காலத்தில் ஒரு வேம்பின் பெருங்கொப்பை வழுவழுவென்று மரத்தோடு ஒட்ட வெட்டி, அழகாகத் தார் பூசினேன். வீட்டுக்காரர் பாராட்டினார். ஏழு வருடம் கழித்துப் போய்த் தார்ப்படையை விரலால் அமத்தினேன். முழங்கை வரை உள்ளே போனது, வெளியே வந்த கையில் ஈர உக்கல். அந்த வேம்பு இப்போது இல்லை. இதை எழுதும்போதும் எனக்கு மனம் கனக்கிறது.

இந்தியாவில் ஒரு ஆலமரத்துக்குச் சேலைன் ஏற்றினார்களாமே?

தெலங்கானாவின் மகபூப்நகரில் உள்ள பிள்ளலமர்ரி, 2018இல். ஏற்றியது சத்து மருந்தல்ல, கறையான் கொல்லி. கூடவே தூண்களும் கட்டினார்கள். இங்கே கறையானைக் கண்டதும் பயப்பட வேண்டாம், அது பெரும்பாலும் செத்த கட்டையைத்தான் தின்கிறது.

ஆலின் தாய்மரமே உக்கிவிட்டால்?

ஆலுக்கு அது முடிவில்லை. கல்கத்தாப் பக்கம், ஹவுராத் தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரத்தில் பூஞ்சை பிடித்த அடிமரத்தை 1925இல் அகற்றினார்கள், மரம் விழுதுகளில் இன்றும் நிற்கிறது. சென்னை அடையாறு ஆலமரத்தின் தாய்மரமும் 1989இல் காற்றில் சாய்ந்தது, விழுதுகள் காத்தன. ஆகவே பிள்ளைகள் ஊஞ்சலாடி விழுதை அறுக்க விடாதீர்கள். தொங்கும் இளம் விழுதைக் கணு நீக்கிய மூங்கிலுக்குள் விட்டு, ஈர மண் நிரப்பி நிலம் வரை இறக்குங்கள். அதுவரை கொப்பைத் தாங்க முட்டு வேண்டும், அநுராதபுரம் ஸ்ரீ மகா போதிக்குப் பொன் பூசிய முட்டுகள் இருப்பது போல. உங்களுக்கு இரும்புக் குழாய் போதும். தலையில் அகலமான தட்டும் றப்பரும் வையுங்கள். கம்பியால் சுற்றிக் கட்டினால் கொப்பின் கழுத்தை நெரித்துவிடும்.

யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

வீதி ஓரமென்றால் வீதிக்குப் பொறுப்பானவர்களிடம், மின்கம்பிக்குக் கிட்ட என்றால் மின்சாரத்துக்குப் பொறுப்பானவர்களிடமும். பிரெட்றிக் கோட்டைக்குள் போல இராணுவமும் தொல்லியல் திணைக்களமும் இருக்கும் இடத்தில் எழுத்தில் அனுமதி இல்லாமல் ஒரு குழியும் தோண்டாதீர்கள். பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் தறிக்க 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி தேவை, சொந்த வளவானாலும்.

என் தங்கச்சி பிறந்த நாளிலிருந்தே மரத்தடியில் விளக்கு வைப்பது எங்கள் வழக்கம். அதையும் விடச் சொல்வீர்களா?

இல்லை அம்மா. விளக்கைப் பொந்துக்குள் வைக்காமல், அடிமரத்திலிருந்து நாலைந்து முழம் தள்ளிக் கல்லின் மேல் வையுங்கள். கற்பூரமும் அங்கேயே. சூட்டில் பட்டை கறுத்த இடத்துக்குக் கீழே உயிர்ப்படை செத்துப்போகும். விழுந்த இலைகளைக் கூட்டி எரிக்கிறார்கள் அல்லவா, அதை நிறுத்தி வேரின் மேலேயே நாலு விரல் உயரத்துக்குப் பரப்பச் சொல்லுங்கள், அடிமரத்தை முட்டாமல்.