மரத்தாலான செடித் தொட்டிகள் சீக்கிரம் மக்கிப் போகாமல் இருக்க என்ன பூச வேண்டும்?

கடைசியாகக் கேட்க வேண்டியதை முதலில் கேட்டிருக்கிறீர்கள். குறை சொல்லவில்லை, நானும் அங்கேதான் தொடங்கினேன். முதன்முதலில் செய்த தொட்டிக்கு வெளிப்புறம் மூன்று முறை பெயின்ட் அடித்தேன். இரண்டாவது வருடமும் அது புதிது போலவே இருந்தது. ஒருநாள் இடம் மாற்றலாம் என்று தூக்கினேன். பக்கப் பலகைகள் கையோடு வந்தன. அடிப்பலகையும் மண்ணும் செடியும் தரையிலேயே உட்கார்ந்திருந்தன. மூலையில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தேன். ஊறிய அட்டைக்குள் இறங்குவதுபோலப் பிடி வரைக்கும் இறங்கியது. வெளியே பெயின்ட் மட்டும் தோலாக நின்றிருந்தது.

மரத்தைத் தின்பது பூஞ்சை. அதற்கு ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். மரத்தின் ஈரப்பதம் ஏறத்தாழ 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சையால் அதை மக்கச் செய்ய முடியாது. கூரைக்குள் இருக்கும் உத்தரம் தலைமுறை தாண்டி நிற்பது அதனால்தான். தண்ணீருக்கடியில் முழுக்க மூழ்கிக் கிடக்கும் மரமும் காற்றில்லாததால் வெகுகாலம் தாங்கும். பாவம், செடித் தொட்டிக்குத்தான் இரண்டும் தாராளமாகக் கிடைக்கின்றன: உள்ளே எப்போதும் ஈர மண், வெளியே காற்று. இதில் வெளிப்புறத்தை மட்டும் பெயின்டால் அடைத்தால், உள்பக்கம் ஊறிய நீர் வெளியேறும் வழியையும் அடைத்தவர்களாகிறோம். நான் செய்தது அதைத்தான்.

ஆகவே முதல் வேலை, தொட்டியைத் தரையிலிருந்து தூக்குவது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்குக் கட்டைகளோ செங்கல் துண்டுகளோ போதும். அடியில் காற்று ஓடும், வடிந்த நீர் தேங்காது, கரையான் ஏறினாலும் கண்ணில் படும். காசு செலவில்லாத இந்த ஒரு வேலை, நான் பூசிய எல்லாப் பூச்சுகளையும்விட அதிகப் பலன் தந்தது.

இரண்டாவது, மண் மரத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்வது. பக்கங்களுக்குத் தடித்த பிளாஸ்டிக் தாளை உள்ளே விரித்து, மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே ஸ்டேப்ளர் பின் அடியுங்கள். கீழே அடித்தால் ஒவ்வொரு ஓட்டையும் நீர் நுழையும் வாசல். அடிப்பலகையைத் தாளால் முழுக்க மூடிவிடாதீர்கள். வடிகால் துளைகளுக்கு நேராகத் தாளிலும் துளையிட வேண்டும். இன்னும் எளிய வழி ஒன்று உண்டு: செடியைப் பிளாஸ்டிக் தொட்டியிலேயே வைத்து, மரப்பெட்டியை வெறும் உறையாக வைத்துக்கொள்வது. சிலர் இதை ஏமாற்று வேலை என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அடியில் ஜல்லி போட்டால் நீர் நன்றாக வடியும் என்பது பரவலான நம்பிக்கை. மண்ணின் நுண்துளைகள் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். ஜல்லிக்கு மேலுள்ள மண் நன்றாக ஊறி நிறையும் வரை நீர் கீழே இறங்காது. ஆக, சொதசொதப்பு மேலே ஏறுகிறதே தவிரக் குறைவதில்லை. துளைகளைக் கூட்டுங்கள், ஜல்லி வேண்டாம்.

மரத்தைப் பொறுத்தவரை வைரம் பாய்ந்த, அதாவது நடுமரத்தில் அறுத்த, பலகையாகப் பாருங்கள். தேக்கே ஆனாலும் அதன் வெளிறிய ஓரப்பகுதி சீக்கிரம் மக்கும். சரக்கு அடுக்கும் பழைய பாலெட் பலகையில் 'எச்.டி.' முத்திரை இருந்தால் சூடேற்றிப் பூச்சி கொன்றது என்று மட்டுமே பொருள். மக்காது என்று பொருளல்ல. 'எம்.பி.' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையூட்டியது, தொடவே வேண்டாம். கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஊறிய பழைய ரயில் தண்டவாளக் கட்டையும், ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றிய பழைய மரமும் கீரை, காய்கறிக்கு ஆகாது. கழிவு எஞ்சின் ஆயிலும் அப்படியே. அதிலுள்ள உலோகங்கள் மண்ணில் இறங்கும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆளி விதை எண்ணெய் அல்லது டங் மரத்தின் விதையிலிருந்து எடுக்கும் டங் எண்ணெய் பூசலாம். பூசுவதற்கு முன் மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். மெல்லியதாகத் தேய்த்து, மரம் குடிக்காமல் மிஞ்சியதைத் துடைத்துவிட்டு, முழுதாக உலர்ந்த பிறகு அடுத்த பூச்சு. பதப்படுத்தாத ஆளி எண்ணெய் உலர நாள் கணக்கில் ஆகும், அதன்மேல் கரும்பூஞ்சையும் படியும். விரைவில் உலரும்படி பதப்படுத்தியதை வாங்குங்கள். பலகையின் அறுத்த முனைகளுக்கு மட்டும் தாராளமாக, அது குடிப்பதை நிறுத்தும் வரை தடவுங்கள். மரத்தின் குழாய்கள் அங்கேதான் வாய் திறந்திருக்கின்றன. தட்டையான பக்கத்தைவிடப் பல மடங்கு வேகமாக அந்த முனை நீரை உறிஞ்சும். எண்ணெய் நிரந்தரமல்ல, வருடம் ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிடாதீர்கள். உலரும்போது சூடாகித் தானாகவே தீப்பிடிக்கலாம். திறந்தவெளியில் விரித்துக் காய வையுங்கள், அல்லது தண்ணீரில் நனையுங்கள்.

அடிப்பலகையை ஆணி அடிக்காமல் துருப்பிடிக்காத ஸ்க்ரூ போட்டுப் பொருத்துங்கள். எவ்வளவு கவனித்தாலும் முதலில் போவது அதுதான். என் இப்போதைய தொட்டிக்கு ஆறாவது வருடம் நடக்கிறது. அடிப்பலகையை ஒருமுறை மாற்றினேன், பக்கப் பலகைகளில் ஸ்க்ரூடிரைவர் இன்னும் இறங்கவில்லை.