பூங்காவுக்கு வெளியே

கேள்வி: அமெரிக்காவில் மகனோடு யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போயிருந்தேன். இரண்டு நாள் காத்திருந்தும் ஓர் ஓநாயைக்கூடப் பார்க்க முடியவில்லை. சுற்றுப்புறத்தில் வேட்டைக்கு அனுமதி இருப்பதே காரணம் என்றார்கள் அங்கிருந்தவர்கள். பூங்காவுக்கு வெளியே சட்டப்படி நடக்கும் வேட்டைக்கும் உள்ளே நாம் ஏமாறுவதற்கும் என்ன சம்பந்தம்? மொத்த எண்ணிக்கை குறையவில்லை என்கிறார்களே?
– க. ச., மேற்கு மாம்பலம், சென்னை

பதில்: ‘வெளியே’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் எல்லையோர வேட்டைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் நியாயம் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. யெல்லோஸ்டோனின் பரப்பு ஏறத்தாழ 9,000 சதுர கிலோமீட்டர். குளிர்காலத்தில் மேட்டு நிலங்களில் பனி ஆழமாகப் படிந்ததும் எல்க் மான்கள் வடக்கே தாழ்நிலத்துக்கு இறங்குகின்றன. அந்தத் தாழ்நிலத்தின் ஒரு பகுதி பூங்காவின் எல்லைக்கோட்டைத் தாண்டி மொன்டானா மாநிலத்தில் இருக்கிறது. மான் போகும் இடத்துக்கு ஓநாயும் போகிறது. பூங்காவின் வடபகுதிக் கூட்டங்கள் ஆண்டில் ஏறத்தாழ 5 சதவீத நேரம்தான் கோட்டுக்கு அப்பால் இருக்கின்றன, ஆனால் அவை வெளியே போகும் பருவமும் வேட்டைப் பருவமும் ஒன்றாகவே வருகின்றன. மற்ற நேரமெல்லாம் சாலையோரத்தில் தொலைநோக்கியோடு நிற்கும் மனிதர்களின் கண்ணெதிரே வாழ்ந்து பழகியதால், மனிதனைக் கண்டதும் ஓட வேண்டும் என்ற அச்சம் அவற்றுக்குக் குறைவு. அதனால் வெளியே துப்பாக்கிக்கு எளிதில் அகப்படுவது, உள்ளே நீங்கள் பார்த்திருக்கக்கூடிய அதே ஓநாய்தான்.

1926-க்குள் யெல்லோஸ்டோனில் ஓநாய்களைக் கொன்று தீர்த்துவிட்டார்கள். 1995-லும் 1996-லும் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அங்கே மீண்டும் ஓநாய்க் குடும்பங்கள் உண்டாயின. அவற்றுள் 2006-ல் பிறந்த பெண் ஓநாய் ஒன்றைப் பிறந்த ஆண்டை வைத்தே ‘ஓ-சிக்ஸ்’ என்று அழைத்தார்கள். லமார் பள்ளத்தாக்கில் அதைப் பார்ப்பதற்கென்றே ஆண்டுதோறும் மக்கள் வந்தார்கள். 2012 டிசம்பரில் பூங்காவுக்குக் கிழக்கே, வயோமிங் மாநிலத்தில், முழுக்கச் சட்டப்படி அது சுடப்பட்டது. கூட்டத்தின் மற்றொரு பெரிய ஆண் ஓநாய் அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே சுடப்பட்டிருந்தது. துணையை இழந்த ஆண் ஓநாய் இடம்பெயர்ந்தது, கூட்டமும் சிதறியது. கணக்கில் குறைந்தவை இரண்டு. பார்க்க வந்தவர்களுக்கு இல்லாமல் போனது ஒரு குடும்பம்.

‘மொத்த எண்ணிக்கை குறையவில்லை’ என்ற வாதத்தோடு எனக்கு நெடுநாளாகவே சண்டை. அந்தக் கணக்கு பல நேரங்களில் சரியாகவே இருக்கும் என்பதை மறுக்கவில்லை. அதைக் கொண்டு வரும் முடிவைத்தான் மறுக்கிறேன். ஓநாய்க் கூட்டம் என்பது பெற்றோரும் வெவ்வேறு வயதுப் பிள்ளைகளும் சேர்ந்த குடும்பம். எந்த நிலத்தில் இரை தேடுவது, எந்தக் குகையில் குட்டி போடுவது என்பதெல்லாம் மூத்தவற்றின் பழக்கத்தில் இருக்கிறது. தாயோ தகப்பனோ செத்தால் அந்த ஆண்டு குட்டிகள் இல்லாமல் போகலாம், கூட்டமே கலைந்தும் போகலாம். காலியான நிலத்துக்கு வேறு ஓநாய்கள் வந்து எண்ணிக்கையை நிரப்பிவிடும். ஆனால் அவை சாலை தெரியும் இடத்தில் குட்டி போட வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

இதற்கு மிகத் தெளிவான சான்று அலாஸ்காவின் டெனாலி பூங்கா. அதன் பரப்பு 24,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். தமிழ்நாட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. இவ்வளவு பெரிய காட்டுக்கு ஓர வேட்டையால் என்ன ஆகிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். வடகிழக்கு எல்லையை ஒட்டிய மாநில நிலத்தில் 2000 முதல் 2010 வரை ஓநாய் வேட்டையும் பொறி வைப்பதும் தடுக்கப்பட்டிருந்தன. 2010-ல் அந்தத் தடையை மாநில வேட்டை வாரியம் நீக்கியது, அதுவும் தடைப் பகுதியை விரிவாக்க வேண்டும் என்று பூங்கா நிர்வாகம் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில். 2012-ல் கிராண்ட் கிரீக் கூட்டத்தின் தாய் ஓநாய் எல்லைக்கு வெளியே பொறியில் சிக்கி இறந்தது. அந்த ஆண்டு அந்தக் கூட்டத்தில் குட்டிகளே இல்லை. டெனாலி, யெல்லோஸ்டோன் இரண்டின் பதிவுகளையும் ஆராய்ந்து 2016-ல் வெளியான ஆய்வு, டெனாலியில் தடை இருந்த காலத்தில் ஓநாய் கண்ணில் படும் வாய்ப்பு, தடை இல்லாத காலத்தைவிட இரு மடங்குக்கும் அதிகமாக இருந்தது என்று காட்டியது. யெல்லோஸ்டோனிலோ, ஒரு கூட்டத்தில் எதுவும் வேட்டையாடப்படாத ஆண்டை அடுத்து அந்தக் கூட்டம் தென்படுவது 45 சதவீதம் கூடியது. குகை சாலைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, பனி எவ்வளவு விழுந்தது என்பவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஆகவே உங்கள் இரண்டு நாள் ஏமாற்றத்துக்கு வேட்டைதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் 2021-ல் மொன்டானா செய்தது சந்தேகத்துக்கே இடமில்லாத தவறு. அதற்கு முன் பூங்காவை ஒட்டிய பகுதிகளில் இத்தனைக்கு மேல் சுடக்கூடாது என்று உச்சவரம்பு இருந்தது. அதை எடுத்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் மட்டும், சுற்றியுள்ள மாநிலங்களில், பூங்காவைச் சேர்ந்த 25 ஓநாய்கள் கொல்லப்பட்டன. அது யெல்லோஸ்டோன் ஓநாய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அடுத்த ஆண்டு அந்தப் பகுதிக்கு 6 என்று மீண்டும் வரம்பு வைத்தார்கள். வருடத்துக்கு வருடம் வாக்கெடுப்பில் மாறும் வரம்பை நான் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். ஆடுமாடுகளை இழக்கும் பண்ணைக்காரருக்கு உரிய இழப்பீடு கொடுக்க வேண்டும், மந்தையில் கை வைத்த ஓநாயைப் பற்றித் தனியாக முடிவெடுக்கவும் வேண்டும். பூங்காவுக்குள் எல்க்கைத் தின்று வாழும் குடும்பத்தை அதற்குத் தண்டிப்பதில் நியாயம் இல்லை. ஓநாய் பார்க்க வருகிறவர்களால் பூங்காவைச் சுற்றியுள்ள மொன்டானா, வயோமிங், ஐடஹோ ஆகிய மூன்று மாநிலங்களுக்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 3.5 கோடி டாலர் கிடைக்கிறது என்று 2005-ம் ஆண்டுக் கணக்கெடுப்பை வைத்து மதிப்பிட்டிருக்கிறார்கள். எல்லையோர ஊர்களின் விடுதிக்காரர்களும் வழிகாட்டிகளும் உச்சவரம்பு வேண்டும் என்று பேசியது அதனால்தான்.

தடையால் பயன் உண்டா என்று கேட்பவர்கள் கனடாவின் அல்கோன்குவின் பூங்காவைப் பார்க்கலாம். சுற்றியுள்ள ஊர்களில் 2001-ல் ஓநாய் வேட்டை நிறுத்தப்பட்டது. மொத்த எண்ணிக்கையில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் உறவில்லாத ஓநாய்கள் ஒட்டிச் சேர்ந்திருந்த கூட்டங்கள் 80 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைந்து, குடும்பங்கள் மறுபடியும் குடும்பங்களாயின. எண்ணிக்கை மட்டும் போதும் என்பவர்களுக்கு இந்த ஒரு பூங்காவின் அனுபவமே பதில்.

நம் ஊருக்கு வருகிறேன். நம் நாட்டில் 1972-ன் வனவிலங்குச் சட்டம் இருப்பதால் நம் சரணாலயங்களின் ஓரத்தில் உரிமம் பெற்ற வேட்டை இல்லை. ஆனால் ‘வெளியேதானே’ என்ற வாதம் இங்கும் இருக்கிறது. வேடந்தாங்கலில் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது ஊர் மக்கள் முறையிட்டு, 1798-ல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் காப்பு ஆணை வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் தங்கள் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று சரணாலயம் என்பது ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர். அதை 3 ஆகச் சுருக்கும் யோசனை 2020-ல் எழுந்தபோது, பறவைகள் ஏரி மரங்களில்தானே இருக்கின்றன, சுற்றியுள்ள வயல் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. நத்தைகுத்தி நாரை கூடு கட்டுவது ஏரியில். குஞ்சுக்கு நத்தை பொறுக்கி வருவது சுற்றியுள்ள வயல்களிலும் ஏரிகளிலும். அந்த நிலம் மனைப் பிரிவாகவோ தொழிற்சாலையாகவோ ஆனால், ஒரு துப்பாக்கியும் வெடிக்காமலே ஏரி மரங்கள் காலியாகிவிடும்.

தேசியப் பூங்காக்களையும் சரணாலயங்களையும் சுற்றிக் குறைந்தது ஒரு கிலோமீட்டருக்குக் காப்பு வளையம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் பொதுவாக வகுத்ததை 2023 ஏப்ரலில் தளர்த்தியது. எல்லா இடத்துக்கும் ஒரே அளவு பொருந்தாது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் இடத்துக்கு இடம் அளவை மாற்றுவதென்றால், இரை தேடி அந்தந்த உயிர் எவ்வளவு தூரம் போகிறது என்பதைப் பார்த்து மாற்ற வேண்டும். வேடந்தாங்கலுக்கு 3 கிலோமீட்டர் போதும் என்பவர்கள், ஜனவரி மாதக் காலையில் அந்த நாரைகள் எந்தெந்த வயலில் போய் இறங்குகின்றன என்று குறித்துக்கொண்டு வந்து பேசட்டும். அப்படிக் குறித்த பிறகு 5 கிலோமீட்டரும் போதாது என்று தெரிந்தால், 5-ஐ விரிவாக்கும்படி இதே பக்கத்தில் கேட்பேன்.