மிச்சப் படிப்புகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

தூத்துக்குடிப் பக்கம் ஒரு கிராமம். ப்ளஸ் டூவில் உயிரியல் 97. நீட் இரண்டு முறை எழுதியும் அரசுக் கல்லூரி சீட்டுக்கு மார்க் போதவில்லை. வயலை அடகு வைத்தாவது நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்க்கிறேன் என்கிறார் அப்பா. எனக்கு அது வேண்டாம். ஆனால் டாக்டர் சீட் கிடைக்காதவர்கள் படிக்கிற மிச்சப் படிப்பில் சேரவும் மனம் வரவில்லை. என்ன செய்வது? (பெயர் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள மகளுக்கு,

வயல் விஷயத்தில் நீ சொல்வதுதான் சரி. உறுதியாக இரு. ஆனால் ‘மிச்சப் படிப்பு’ என்று எழுதியிருக்கிறாயே, அது எனக்கு வலித்தது.

என் அக்கா பேரனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி, அதாவது ஒலியைச் செவி நரம்புக்கு நேராகக் கொண்டுசேர்க்கும் கருவி பொருத்தினார்கள். ஆபரேஷன் ஒரே நாளில் முடிந்தது. கருவி வைத்ததும் பிள்ளை பேசிவிடாது. எது சத்தம், எது சொல் என்று ஒவ்வொன்றாகப் பழக்க வேண்டும். பழக்கியவர் இருபத்தைந்து வயதுப் பெண். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்று சொல்வார். காதில் விழுந்தால் பையன் ஒரு மரவளையத்தைக் குச்சியில் கோர்க்க வேண்டும். பேச்சின் தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை இந்த ஆறுக்குள் அடங்கிவிடுமாம். ‘ஸ்’ வரும்போது மட்டும் வளையம் பல வாரம் அவன் கையிலேயே இருந்தது. அந்தப் பெண் கருவியின் அளவுகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். ஒரு நாள் வளையம் குச்சியில் விழுந்தது. அக்கா அங்கேயே அழுதுவிட்டாள்.

அவர் படித்தது பி.ஏ.எஸ்.எல்.பி. என்கிற செவித்திறன், பேச்சுமொழிப் பட்டப்படிப்பு, பயிற்சியோடு நான்கு வருடம். மைசூரில் இதற்கென்றே 1965 முதல் மத்திய அரசு நிறுவனம் ஒன்று இருக்கிறது. அந்தப் பெண் செய்ததை மிச்ச வேலை என்று அக்காவிடம் சொல்லிப்பார்!

உயிர்களோடு நேராகப் பழகும் வேலைதான் வேண்டும் என்றால் கால்நடை மருத்துவம் இருக்கிறது. ஐந்தரை வருடம். நம் மாநில இடங்களுக்கு ப்ளஸ் டூ மார்க்தான், அகில இந்திய ஒதுக்கீட்டுக்குத்தான் நீட். கட்-ஆஃப் ஏறித்தான் நிற்கும், ஆனாலும் விண்ணப்பம் போட்டுவை. அப்புறம் உன் பக்கத்துத் தூத்துக்குடியிலேயே 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறதே! தொண்ணூறுகளின் நடுவில் வெள்ளைப்புள்ளி நோய் வந்து இறால் பண்ணைகள் அழிந்தது அப்பாவுக்கு நினைவிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு வைரஸ் செய்த வேலை அது. அதைக் கண்டுபிடிக்கவும் தடுக்கவும் உன் உயிரியல்தான் வேண்டும்.

ஒன்றில் மட்டும் கவனம். ‘பாராமெடிக்கல்’ என்று போர்டு மாட்டிய இடத்திலெல்லாம் பணம் கட்டிவிடாதே. நர்சிங்குக்கு நர்சிங் கவுன்சில், பார்மசிக்குப் பார்மசி கவுன்சில், அந்தப் பெண் படித்த பி.ஏ.எஸ்.எல்.பி.க்கு இந்திய மறுவாழ்வுக் குழுமம். அங்கீகாரப் பட்டியலில் அந்தக் கல்லூரி இருக்கிறதா என்று நீயே பார்.

விண்ணப்பக் கடைசித் தேதிகளை இன்றைக்கே எடுத்துவிடு. எடுக்கும்போது அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்.