மியூரோன் படையணியும் திருகோணமலைக் குடும்பங்களும்

கேள்வி: என் அம்மம்மாவின் முன்னோர் ஒருவர் ஒல்லாந்தர் காலத்தில் ‘மியூரோன்’ படையணிச் சிப்பாயாக வந்து திருகோணமலையில் குடியேறினார் என்பது எங்கள் பறங்கியர் குடும்பத்தில் வழங்கும் செய்தி. மாமா அவரை ஆங்கிலேயப் படைவீரர் என்கிறார். பெரியம்மாவோ அவர் சுவிஸ்காரர் என்று சாதிக்கிறார். யார் சொல்வது சரி? எங்கே தேடுவது?
- வாசகி, பாலையூற்று

பதில்: மூன்று கூற்றும் ஒருவருக்கே பொருந்தலாம். 18ஆம் நூற்றாண்டில் படையணிகள் பல, அவற்றைத் திரட்டிய தளபதியின் சொந்தத் தொழில் போலவே நடந்தன. சுவிற்சர்லாந்தின் நூசாத்தெல் பகுதியைச் சேர்ந்த சார்ள்ஸ் டானியல் டி மியூரோன், 1781இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்காக இப்படையணியைத் திரட்டினார். முதலில் நன்னம்பிக்கை முனையில் காவலிருந்த அது, 1780களின் பிற்பகுதியில் இலங்கைக்கு வந்தது. 1795 ஓகஸ்ட் 26இல் திருகோணமலைக் கோட்டை ஆங்கிலேயரிடம் சரணடைந்த அதே ஆண்டில், ஹியூ கிளெக்கோர்ன் என்ற ஸ்கொட்லாந்துப் பேராசிரியர் டி மியூரோனுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் படையணி முழுவதும் ஆங்கிலேயரின் ஊதியத்துக்கு மாறியது. பேரம் பேசப்பட்டது தளபதியுடன். சிப்பாய்கள் படையணியோடு சேர்ந்து கைமாறினார்கள். ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் அதில் இருந்ததால், பெரியம்மா சொல்லும் ‘சுவிஸ்’ படையணியின் அடையாளமாக மட்டும் இருக்கவும் இடமுண்டு.

ஆகவே, எந்தப் படையணி என்பதைவிட, எந்த ஆண்டில் யார் சம்பளம் கொடுத்தார்கள் என்று கேட்பதே பயன் தரும். சம்பளம் கொடுத்தவர்தான் கணக்கு எழுதி வைத்திருப்பார். 1795க்குப் பிந்திய பெயர்ப்பட்டியல்கள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் ‘டபிள்யூ.ஓ. 12’ என்ற வரிசையில் உள்ளன. அத்தகைய ஏட்டின் பக்கமொன்றில் பெயரும் தரமும் சம்பளத்துக்குரிய நாட்களும் நிரல் நிரலாக இருக்கும். ஓரத்தில் மருத்துவமனை, வெளியூர்ப் பணி, மரணம் என்று குறிப்பு இருக்கும். வாசிக்க அலுப்பூட்டும் ஏடுதான். ஆனாலும் ஒரு சாதாரணச் சிப்பாயின் வாழ்க்கையை மாதக்கணக்கில் பின்தொடர இதைவிட நல்ல சான்று வாய்ப்பது அரிது. இப்படையணி 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானுக்கு எதிராகப் போரிட்டு, 1806இல் இந்தியாவை விட்டு ஐரோப்பா சென்று, 1816இல் கனடாவில் கலைக்கப்பட்டது. உங்கள் முன்னோர் இங்கேயே தங்கினார் என்றால், இடையில் எங்கோ அவர் விலகிய அல்லது விடுவிக்கப்பட்ட பதிவு இருக்க வேண்டும். அந்த ஒரு வரியைக் குறிவைத்துத் தேடுங்கள்.

ஒல்லாந்தர் காலத்துக்குக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களமும் ஹேக் நகரத் தேசிய ஆவணக்காப்பகமும் உள்ளன. நேரடியாகக் கம்பனியில் சேர்ந்து கப்பலேறியவர்களின் சம்பள ஏடுகள் ஹேக்கில் இருக்கின்றன. அவற்றின் பெயர் அட்டவணையை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். மியூரோன் படையணியோ தனி ஒப்பந்தத்தில் வந்தது. அந்த அட்டவணையில் பெயர் இல்லையென்றால் குடும்பக் கதை பொய் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

ஆயினும் லண்டனுக்கு எழுதுமுன் வீட்டிலிருந்து தொடங்குங்கள். அம்மம்மாவின் திருமுழுக்குப் பதிவிலிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிச் சென்றால்தான் தேடவேண்டிய குடும்பப் பெயர் உறுதியாகும். கொழும்பு வுல்ஃபெண்டால் தேவாலயத்தின் ஒல்லாந்தர் காலப் பதிவேடுகளும், ஒல்லாந்தப் பறங்கியர் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான வம்சாவளிகளும் இதற்கு உதவும். எழுத்தர் காதில் விழுந்தபடியே பெயரை எழுதிய காலம் அது; ஒரே ஆளின் பெயர் மூன்று ஏட்டில் மூன்று விதமாக இருந்தாலும் வியப்பில்லை.

கேள்வி: எங்கள் பூட்டனார் 1795இல் சென்னையிலிருந்து ஆங்கிலேயருடன் வந்த 73ஆவது படையணிச் சிப்பாய் என்கிறார்கள். இது உண்மையாக இருக்குமா?
- வாசகர், உப்புவெளி

பதில்: ஆண்டு பொருந்துகிறது, எண் இடிக்கிறது. 1795இல் திருகோணமலையைக் கைப்பற்றிய கர்னல் ஜேம்ஸ் ஸ்டுவர்ட்டின் ஆங்கிலேயப் படையில் 72ஆவது படையணியுடன் 71, 73ஆவது படையணிகளின் பிரிவுகளும் வந்தன. அவை மூன்றும் ஸ்கொட்லாந்தில் திரட்டப்பட்டவை. உங்கள் பூட்டனார் தமிழர் என்றால், அவற்றுடன் வந்த சென்னைச் சிப்பாய்ப் பட்டாளங்களில்தான் சேர்ந்திருப்பார். அல்லது 73ஆவது படையணியுடன் சமையல், சுமைதூக்கல் போன்ற வேலைக்கு வந்திருப்பார். எண்ணை மட்டும் வைத்துத் தேடினால் வழி தவறும்: 1786க்கு முன் 73 என்ற எண் இருந்த படையணியே பின்னர் 71 ஆனது. சென்னைப் பட்டாளங்களின் எண்களும் 1796இலும் 1824இலும் மாறின. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் சென்னை அரசின் பழைய இராணுவப் பதிவுகள் உள்ளன. சாதாரணச் சிப்பாய்களின் பெயர்கள் அவற்றில் அரிதாகவே வரும். எனவே முதலில் 1795இல் எந்தப் பட்டாளம் திருகோணமலையில் நின்றது என்பதைக் கண்டறியுங்கள், ஆளைப் பிறகு தேடலாம்.