வீட்ல மரவேலைக்கு பேண்ட் சா வாங்கலாமா, 9 இன்ச் மெஷின் போதுமா, இல்ல டேபிள் சா பெட்டரா?

பேண்ட் சான்னா ரெண்டு சக்கரத்து மேல பட்டை மாதிரி சுத்துற பிளேடு இருக்கிற மெஷின், டேபிள் சான்னா மேசை நடுவுல வட்ட பிளேடு நீட்டிட்டு இருக்கிறது. பொம்மை, ஸ்டூல், சின்ன அலமாரின்னு பண்றவங்களுக்கு 9 இன்ச் பேண்ட் சா போதும். ஆனா அந்த 9 இன்ச்ங்கிறது சக்கரத்தோட அளவு, பிளேடுக்கும் பக்கத்துல இருக்கிற தூணுக்கும் நடுவுல எவ்ளோ அகலம் போகும்ங்கிறததான் அது சொல்லும். எவ்ளோ தடிப்பான மரம் போகும்ங்கிறது வேற கணக்கு, சின்ன மெஷின்ல பெரும்பாலும் மூணு மூணரை இன்ச், 14 இன்ச் மெஷின்ல 6 இன்ச்சோ அதுக்கு மேலயோ. நான் இத பாக்காம வாங்கிட்டேன். ஊர்ல காத்துல விழுந்த பலாமரத்துக் கட்டை நாலு இன்ச், கொண்டுவந்து வச்சா மேல் கைடுல (பிளேட ஆடாம பிடிச்சுக்கிற பாகம்) இடிச்சிட்டு நிக்குது. உளியும் கொட்டாப்புளியும் எடுத்து செதுக்கித்தான் உள்ள விட்டேன்.

விட்டா அறுக்கல, புகையுது. மோட்டார் பத்தலன்னு நெனச்சு விக்கவே பாத்தேன். எங்க தெரு ஆசாரி அண்ணன் வந்து பிளேட பாத்துட்டு "தம்பி, இது ஒட்டுப்பலகை அறுக்குற பல்லு, இதுல போய் கட்டைய விடுறியே"ன்னார். அதுல இன்ச்சுக்கு 14 பல்லு. பல்லுக்கு நடுவுல இருக்கிற பள்ளம் தூள்ல ரொம்பிடுது, அப்புறம் எப்படி அறுக்கும், தேய்க்கத்தான் செய்யும். அறுத்த பலகையும் நடுவுல தொப்பை போட்டு வந்துது. பிளேடு லூசா, மழுங்கி இருந்தாலும் இதே தொப்பைதான். பிளேடு கடையில நீளம் சொன்னா ரோல்ல வெட்டி வெல்டு பண்ணிக் குடுப்பாங்க, இன்ச்சுக்கு 4 பல்லு பிளேடு வாங்கிப் போட்டேன், அதே மெஷின், அதே கட்டை, மஞ்சத்தூள் கொட்டுற மாதிரி கொட்டுச்சு. (பலாத்தூள் மஞ்சளாத்தான் இருக்கும், சட்டையில பட்டா தெரியும்.)

வளைவா அறுக்க கால் இன்ச் அகல பிளேடு, நேரா பொளக்க அகலமானது. அதுக்காக சின்ன மெஷின்ல தடிப்பான பிளேட மாட்டாதீங்க, சின்ன சக்கரத்துல வளைஞ்சு வளைஞ்சு சீக்கிரம் வெடிப்பு விட்டுடும். கைடுக்கும் பிளேடுக்கும் நடுவுல ஒரு பேப்பர் போற இடைவெளி போதும். மேல் கைட மரத்துக்கு கால் இன்ச் மேல வரைக்கும் எறக்கி வைங்க, பிளேடும் ஆடாது, விரலும் தப்பிக்கும்.

டேபிள் சா கேட்டீங்கல்ல, பேண்ட் சா பல்லு மரத்த கீழ மேசையோட அமுக்கும், டேபிள் சா மாதிரி மரத்த நம்ம மேல திருப்பி அடிக்காது, தனியா கத்துக்கிறவங்களுக்கு அதனாலயே இதத்தான் சொல்லுவேன். முழு பிளைவுட் ஷீட்ட நேரா அறுக்கத்தான் இது லாயக்கில்ல, அதுக்கு கையில பிடிக்கிற சர்க்குலர் சா வாங்கிக்கலாம். ஆபத்தே இல்லன்னு அர்த்தமில்ல. உருண்டைக் கிளைய அப்படியே கையில பிடிச்சு விட்டேன், பல்லு மாட்டுன நிமிஷம் சுருட்டி இழுத்துச்சு, பிளேடு முறுக்கிப் போச்சு, கட்டைவிரல் நூலிழையில தப்பிச்சுது. இப்ப V மாதிரி வெட்டுன கட்டையில உக்கார வச்சுத்தான் அறுக்கிறேன். வளைவு பாதியில சிக்கிச்சுன்னா மெஷின ஓடவிட்டு பின்னாடி இழுக்காதீங்க, பிளேடு சக்கரத்த விட்டு கழண்டுக்கும், ஆஃப் பண்ணிட்டு எடுங்க.

கையுறை வேணாம், மாஸ்க் கட்டாயம். ரெண்டு மூணு நாள் ஓட்டலன்னா பிளேடோட டென்ஷன (இழுத்துப் பிடிச்சிருக்கிற இறுக்கத்த) தளத்தி வைங்க. நான் மறந்துடுவேன்னு சுவிட்ச் மேலயே மார்க்கர்ல எழுதி வச்சிருக்கேன்.