கூடிப் பேசினால் யோசனை வந்துவிடுமா? – வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் டீமில் எந்தப் பிரச்சினை வந்தாலும் "வாங்க, பிரெயின்ஸ்டார்மிங் பண்ணலாம்" என்று எட்டுப் பேரை ஒரு அறையில் உட்கார வைத்துவிடுகிறார் மேனேஜர். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், பழைய குருடி கதவைத் திறடி என்று போர்டில் அவர் முதலில் சொன்னதுதான் வேறு வார்த்தைகளில் இருக்கிறது. எங்களிடம் சரக்கு இல்லையா, இல்லை முறையே தப்பா?

பதில்: முறையில்தான் கோளாறு. அதுவும் 1958-லேயே தெரிந்துபோன கோளாறு. இந்தப் பழக்கத்தைப் பரப்பியவர் அலெக்ஸ் ஆஸ்போர்ன், பிபிடிஓ என்ற அமெரிக்க விளம்பர நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். எண்ணிக்கை முக்கியம், உடனே குறை சொல்லாதே, கிறுக்குத்தனமாக இருந்தாலும் பரவாயில்லை, அடுத்தவர் சொன்னதோடு உன்னுடையதைச் சேர். இந்த நாலும்தான் அவருடைய விதிகள். தனியாக யோசிப்பதைவிடக் குழுவாக யோசித்தால் ஒருவருக்கு இரண்டு மடங்கு யோசனை வரும் என்றும் சொன்னார். யேல் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் டெய்லரும் சகாக்களும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நாலு நாலு பேராகக் கூடி யோசித்தவர்கள் ஒரு பக்கம். தனித்தனியாக உட்கார்ந்து எழுதியவர்களின் தாள்களை நாலு நாலாகச் சேர்த்து, ஒரே யோசனை இரண்டு தாளில் இருந்தால் ஒன்றாக மட்டும் எண்ணிப் பார்த்தது இன்னொரு பக்கம். தனித்தனியாக எழுதியவர்களிடம்தான் அதிகம் தேறியது, ஏறக்குறைய இரண்டு மடங்கு!

ஏன் என்பதற்கு 1987-ல் ஜெர்மனியில் மிக்கேல் டீல், வுல்ஃப்காங் ஸ்ட்ரோபே இருவரும் செய்த சோதனைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அடுத்தவர் என்ன நினைப்பாரோ என்ற கூச்சம், யாராவது யோசிக்கட்டும் என்ற சோம்பல் என்று வழக்கமாகச் சொல்லும் காரணங்களோடு, வெறும் காத்திருப்பையும் அவர்கள் சோதித்தார்கள். ஆட்களைத் தனித்தனி அறையில் உட்கார வைத்து, ஒருவர் பேசும்போது மற்றவர் அறையில் விளக்கு எரியும், அது அணையும் வரை வாய் திறக்கக் கூடாது என்று வைத்துப் பார்த்தபோது, அந்த விளக்கே யோசனைகளின் எண்ணிக்கையை நன்றாகக் குறைத்துவிட்டது. உங்கள் அறையிலும் அதுதான் நடக்கிறது. ஒருவர் பேசுகிறார், உங்களுக்கு ஒன்று தோன்றுகிறது, மறக்காமல் இருக்க அதையே மனதில் பிடித்து வைத்திருக்கிறீர்கள், அதனால் அடுத்தது தோன்றுவதில்லை, உங்கள் முறை வரும்போது பேச்சு வேறு எங்கோ போயிருக்கிறது, சரி விடு என்று விட்டுவிடுகிறீர்கள். இதில் மேனேஜர் வேறு முதலில் வாய் திறந்துவிட்டால் எல்லோருடைய யோசனையும் அவர் போட்ட தடத்திலேயே ஓடும்.

ஆகவே கூட்டத்தின் முதல் பத்து நிமிடம் யாரும் பேசக் கூடாது, எல்லோரும் எழுத வேண்டும், மேனேஜர் தன்னுடையதைக் கடைசியில்தான் படிக்க வேண்டும். இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்காதீர்கள். அதற்குத்தான் தனியாக ஒரு பிரெயின்ஸ்டார்மிங் தேவைப்படும்.

கேள்வி: தனியாக எழுதுவதுதான் நல்லது என்றால் எதற்காகக் கூட வேண்டும்? ஆளுக்கொரு மெயில் போட்டால் போதாதா?

பதில்: எண்ணிக்கை மட்டும் போதுமென்றால் மெயில் போதும். ஆனால் ஒருவருடைய பாதி யோசனை இன்னொருவர் கையில் முழு யோசனையாக மாறுவது மெயிலில் அவ்வளவாக நடக்காது. இரண்டையும் சேர்த்துப் பிடிக்க ஒரு வழி உண்டு. 1968-ல் பெர்ன்ட் ரோர்பாக் என்ற ஜெர்மானியர் கொடுத்தது, 6-3-5 என்பார்கள். ஆறு பேர், ஆளுக்கு ஒரு தாள், 5 நிமிடத்தில் மூன்று யோசனை எழுதி, தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிட வேண்டும். அவர் மேலே இருப்பதைப் படித்துவிட்டு, அதன் கீழே தன்னுடைய மூன்றை எழுதுவார். தாள் ஆறு பேர் கையிலும் போய்வர அரை மணி நேரம், கணக்குப்படி 108 யோசனை, பேச்சே இல்லை.

உதாரணத்துக்கு, நூலகத்தில் புத்தகம் எடுப்பவர்கள் நேரத்துக்குத் திருப்பித் தருவதில்லை என்று வையுங்கள். முதல் ஆள் "அபராதத்தைக் கூட்டலாம்" என்று எழுதுகிறார். யாருக்கும் தோன்றுவதுதான். அதைப் படித்த இரண்டாவது ஆளுக்கு அபராதம் பிடிக்கவில்லை, "இந்தப் புத்தகத்துக்காக இன்னும் மூன்று பேர் காத்திருக்கிறார்கள் என்று எடுத்தவருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பலாம்" என்று எழுதுகிறார். மூன்றாவது ஆள் அந்தக் காத்திருப்பவரைப் பிடித்துக்கொண்டு, "திருப்பித் தருபவர் அடுத்து படிக்கப்போகிறவருக்கு ஒரு வரி எழுதி உள்ளே வைக்கலாம்" என்கிறார். மிரட்டலில் தொடங்கியது மூன்றே வரியில் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். வாயால் பேசியிருந்தால் அபராதம் எவ்வளவு என்பதிலேயே அரை மணி நேரம் ஓடியிருக்கும்.

கேள்வி: யாரையும் விமர்சிக்கக் கூடாது என்ற விதி எனக்கு ஒத்துவரவில்லை. அபத்தமாக ஒன்றைச் சொன்னால் "அருமை" என்று தலையாட்ட வேண்டுமா?

பதில்: தலையாட்டச் சொல்லி யாரும் சொல்லவில்லை, தீர்ப்பைத் தள்ளிப்போடு என்றுதான் விதி. ஆனால் உங்கள் சந்தேகம் நியாயமானது. சார்லன் நெமத்தும் சகாக்களும் அமெரிக்காவிலும் பிரான்ஸிலும் குழுக்களை வைத்துப் போக்குவரத்து நெரிசலுக்கு வழி கேட்டார்கள். குறை சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்ட குழுக்களைவிட, தாராளமாக வாதாடுங்கள் என்று சொல்லப்பட்ட குழுக்களே அதிக யோசனை தந்தன (2004-ல் வெளியான ஆய்வு). யோசனையோடு மோதுங்கள், ஆளோடு மோதாதீர்கள். "இது நடக்காது" என்பது வாயை அடைக்கும், "இது நடக்க வேண்டுமென்றால் எது மாற வேண்டும்?" என்று கேட்டால் பேச்சு நகரும். ஆனால் புதிதாகச் சேர்ந்தவர்களும் மேலதிகாரியும் ஒரே மேசையில் இருந்தால் ஆஸ்போர்ன் விதியையே வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வாதாடுவது ஒருத்தர் மட்டுமாகத்தான் இருக்கும்.

கேள்வி: பத்து நிமிடத்தில் எனக்கு வறண்டுபோகிறது. அதற்கு மேல் உட்காருவது வீண்தானே?

பதில்: வீண் இல்லை. பிரையன் லூகாஸ், லோரன் நார்ட்கிரென் இருவரும் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், நேரம் போகப் போகத் தங்கள் யோசனைகளின் தரம் இறங்கும் என்றே மக்கள் கணித்தார்கள். உண்மையில் அது அப்படியே நின்றது, அல்லது ஏறியது. முதலில் வருவது எல்லோருக்கும் வருவதுதான். வறண்டுவிட்டது என்று தோன்றும்போது கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: இந்தப் பிரச்சினையை இன்னும் மோசமாக்க என்ன செய்யலாம்? மனுஷனுக்குக் கெடுப்பதற்கு வழி கேட்டால் கொட்டும். அப்புறம் ஒவ்வொன்றையும் தலைகீழாகப் புரட்டிப் பார்க்கலாம்.

கேள்வி: அறுபது யோசனை வந்தது, கடைசியில் எல்லோரும் கை தூக்கியது இருப்பதிலேயே சப்பையான ஒன்றுக்கு. ஏன் இப்படி?

பதில்: யோசனை நிறைய இருந்தால் நல்லதைத் தேர்ந்தெடுத்துவிடுவோம் என்று நம்புகிறோம், அது தானாக நடப்பதில்லை. எரிக் ரீட்செல்லும் சகாக்களும் 2006-ல் பார்த்தபோது, தனியாக யோசித்தவர்களிடம் சரக்கு அதிகம் இருந்தும் அவர்கள் தேர்ந்தெடுத்தவை கூட்டாக யோசித்தவர்களுடையதைவிட மேலாக இல்லை. செய்யச் சுலபமானதிடம் கை தானாகப் போகிறது. யோசித்த அன்றே தேர்ந்தெடுக்காதீர்கள். மறுநாள் இரண்டு ஓட்டு கொடுங்கள், ஒன்று "நாளைக்கே செய்யலாம்" என்பதற்கு, இன்னொன்று "பயமாக இருக்கிறது, ஆனால் விட மனசில்லை" என்பதற்கு. ஓட்டை எழுதித்தான் போட வேண்டும், கை தூக்க விட்டால் பக்கத்துக் கையைப் பார்ப்பார்கள். இரண்டாவது வகையில் அதிக ஓட்டு வாங்கியதைச் சின்ன அளவில் ஒரு வாரம் செய்து பாருங்கள்.

கேள்வி: இவ்வளவு எதற்கு, ஏஐயிடம் கேட்டால் நூறு யோசனை தருமே?

பதில்: தரும். பக்கத்து மேசைக்காரர் கேட்டாலும் கிட்டத்தட்ட அதே நூறைத் தரும். ஏஐ உதவியோடு கதை எழுதியவர்களின் கதைகள் தனித்தனியாகப் பார்த்தால் நன்றாக இருந்தன, சேர்த்துப் பார்த்தால் ஒன்றையொன்று ஒத்திருந்தன என்று 2024-ல் ஓர் ஆய்வு வந்தது. உங்களுடையதை முதலில் எழுதி முடித்துவிட்டு, அப்புறம் கேளுங்கள்.